மவுஸை வந்தவர் கையில் கொடுங்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், சனிக்கிழமை காலை. மாணவர்கள் செய்த பல்லூடகப் படைப்புகளைப் பொதுமக்களுக்குக் காட்டும் நாள். துன் சம்பந்தன் சாலையில் நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாசலில் தொங்கிய பதாகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையில் குடை, மறுகையில் வடைப் பொட்டலம். முதல் மேசையில் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவி அவரைக் கண்டதும் நிமிர்ந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினாள்: “பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, நீதி வழுவா நடுவர் பெருமக்களே…”

பெரியவர் திரும்பிப் பார்த்தார், தமக்குப் பின்னால் நடுவர் யாராவது வந்து நிற்கிறார்களோ என்று.

ஒருவருமில்லை. கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டுத் திரையைக் காட்டி, “இது என்னா பாப்பா, கேமா? தட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டார். அவள் தடுமாறினாள். விட்ட இடம் மறந்துபோனது. மறுபடியும் “பெருமதிப்பிற்குரிய” என்று முதலிலிருந்தே ஆரம்பித்தாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை செய்திருந்தது பிரிக்பீல்ட்ஸின் பழைய வரைபடம். செங்கல் சூளை, ரயில் பட்டறை, கோயில் என்று ஒவ்வோர் இடத்தையும் தொட்டால் படமும் குரலும் வரும். மதியம் தேநீர் மேசையில் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவள் வரைபடத்தின் மூன்றாவது பொத்தான் அந்தக் குவார்ட்டர்ஸ்தான். அவர் அதைத் தட்டியிருந்தால், அன்று முழுக்க அந்த மேசையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். பொறுப்பாசிரியராக அவளுக்கு அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்து, மூன்று நாள் மனப்பாடம் செய்ய வைத்தது நான். அதனால் இதை யார்மேலும் பழி போட்டு எழுதவில்லை.

கண்காட்சிக்கு மாணவர்களை எப்படித் தயார் செய்வது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலைதான் என் நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டியிலும் செய்யுள் ஒப்புவித்தலிலும் வளர்ந்தவர்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. மேடைக் கூச்சம் போனது அதனால்தான். ஆனால் கண்காட்சி மேடையில்லை. மேடையில் கேட்பவர் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போக மாட்டார். கண்காட்சியில் அவர் நிற்கிறார், கால் ஏற்கெனவே அடுத்த மேசைப் பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் திறந்த முதல் பத்து விநாடிக்குள் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் நிற்பார். பேச்சைக் கொடுத்தால் போய்விடுவார்.

ஆகவே முதல் பயிற்சி பேசுவதற்கல்ல, பேசாமலிருப்பதற்கு. மாணவரை மேசைக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள், பக்கவாட்டில் நிறுத்துங்கள். மவுஸோ டேப்லெட்டோ வருபவர் பக்கம் இருக்கட்டும். மாணவர் சொல்ல வேண்டியது ஒரே வரி, அதுவும் வந்தவரைச் செய்யச் சொல்லும் வரி. “வணக்கம் அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இதுல இருக்கான்னு தட்டிப் பாருங்க.” இது போதும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஐந்து விநாடி சும்மா நிற்க வேண்டும். அந்த ஐந்து விநாடிதான் பிள்ளைகளுக்குச் சிரமம். வகுப்பில் கடிகாரம் வைத்துப் பழக்குகிறேன். வந்தவர் தவறான இடத்தைத் தட்டுவார். உடனே பாய்ந்து மவுஸைப் பிடுங்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே படைப்பில் கோளாறு என்று அர்த்தம். அதை ஒத்திகையிலேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டால், கண்காட்சி அன்று விளக்கம் சொல்லும் தேவையே பாதி குறையும்.

காணொளியாக இருந்தால் என்ன செய்வது, அதில் தட்ட ஒன்றுமில்லையே என்று கேட்பீர்கள். கிள்ளானில் ஒரு படிவம் நான்கு மாணவர் குழு, 1941-இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் எடுத்தது. நல்ல வேலை. தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச்.நாதன் கைதானதும், துப்பாக்கிச் சூடும், அவர் நாடு கடத்தப்பட்டதும் எல்லாம் இருந்தன. ஆனால் கண்காட்சியில் நின்றபடி பன்னிரண்டு நிமிடம் யார் பார்ப்பார்கள்? முழுப்படத்தை ஓர் ஓரமாக நாற்காலி போட்டுக் காட்டச் சொன்னேன். மேசையில் 45 விநாடித் துண்டு மட்டும். அதுவும் சரித்திரத்தின் தொடக்கத்திலிருந்து அல்ல. சைக்கிளில் வரும் தோட்டத் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்ட இடத்திலிருந்து. துண்டு முடிந்ததும் மாணவர் கேட்பது ஒரு கேள்வி: “ஆண்டி, உங்க குடும்பத்துல யாராச்சும் தோட்டத்துல இருந்தாங்களா?” கிள்ளானில் இதற்கு “இல்லை” என்று சொல்லும் தமிழரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பேசுவது அந்த ஆண்டிதான். மாணவர் குறிப்பெடுத்துக்கொள்வார்.

ஒத்திகை யாரிடம் பார்க்கிறீர்கள் என்பது அடுத்த விஷயம். பெரும்பாலும் சக மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறோம். அவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும், எங்கே தட்ட வேண்டும் என்பது உள்பட. படைப்பைப் பார்த்தே இராதவர் வேண்டும். பள்ளிக் காவலாளி, சிற்றுண்டிச்சாலை அக்கா, பிள்ளையை அழைத்துப்போக வரும் வேன் ஓட்டுநர், வீட்டில் பாட்டி. குறைந்தது ஐந்து பேர். நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது: ஐந்து பேரிடம் காட்டி, அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு வா. திருத்தி எழுதாதே. “இதுக்கு எவ்ளோ செலவாச்சு?”, “நீயா செஞ்ச, டீச்சர் செஞ்சாங்களா?”, “இதை வெச்சு என்ன பண்றது?” என்று வரும். மூன்றாவது கேள்வி குத்தலாகத் தெரியும், ஆனால் அதற்குப் பதில் இல்லாத படைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதிலைத் தயார் செய்து வைப்பது பெரியவர்கள் கடமை. நாம் செய்து கொடுத்த பகுதி இருந்தால், பிள்ளை அதைச் சொல்லட்டும்: “குரல் பதிவு நாங்க செஞ்சோம், அனிமேஷனுக்கு அண்ணன் உதவுனாரு.” இதில் குறைவொன்றும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் படம் வரைய வைத்திருந்தாலும் அப்படியே. மேசையில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துவிட்டால் நடுவர் குடைந்து கேட்கும் அவமானம் மிச்சம். தெரியாத கேள்விக்கு “தெரியலைங்க, பாத்துட்டு சொல்றேன், உங்க கேள்விய இதுல எழுதிடுங்க” என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டுவதற்கும் பயிற்சி வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சமாளிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொழியைப் பற்றி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுக் கண்காட்சி என்றால் தமிழர் மட்டும் வரமாட்டார்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி வழி தவறி வரும் சுற்றுப்பயணி, மாவட்டக் கல்வி அலுவலகத்து மலாய் அதிகாரி, பக்கத்துக் கடைச் சீன அம்மா எல்லாரும் வருவார்கள். நான்கு மொழியிலும் முழு விளக்கம் மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை. தட்டிப் பார்க்கச் சொல்லும் அந்த ஒரு வரி மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வாய்க்குப் பழகியிருக்கட்டும். “சிலா ச்சுபா” என்று மவுஸை நீட்டினால் மீதியைப் படைப்பு பார்த்துக்கொள்ளும். மாண்டரின் தெரிந்த தோழி பள்ளியில் இருந்தால் அவளிடம் ஒரு வரி கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். உச்சரிப்புத் தப்பினால் அந்த அம்மா சிரித்துத் திருத்துவார், அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். படைப்பு தமிழில் இருப்பதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். திரையில் மலாய் வசனவரி ஓடினால் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் கண்காட்சி நடத்துபவர்கள் இன்னொருவரையும் எதிர்பார்க்க வேண்டும். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான். அதைச் சுற்றியே பார்வையற்ற பலர் குடியிருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். நடைபாதையில் கால் உணரும் மேடுபள்ளக் கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்காட்சியில் வெள்ளைக்கோலோடு ஒருவர் வந்து ஒரு மேசை முன் நின்று, “என்ன இருக்கு இங்க?” என்றார். மாணவன் பழக்க தோஷத்தில், “இங்க பாருங்க சார், இந்தச் சிவப்புப் பட்டன…” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சிவப்பு வேணாம், எத்தனாவதுன்னு சொல்லு” என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஒரு பாடத்திட்டமே கொடுத்தது. அன்றிலிருந்து ஒத்திகையில் ஒரு சுற்று, பார்ப்பவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுச் செய்கிறோம். மாணவர் இப்போது “இது”, “இங்கே”, “இப்படி” என்று சொல்ல முடியாது. “மேலே இடது மூலையில் ஒரு கோயில் இருக்கு, அதைத் தொட்டா மணி அடிக்கும்” என்று சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே அவர்களுக்குத் தம் படைப்பின் குறை தெரிந்துவிடுகிறது: முக்கால்வாசித் தகவல் எழுத்தாக மட்டும் இருக்கிறது, குரலே இல்லை. பல்லூடகம் என்று பெயர் வைத்துவிட்டுக் காதை மறந்துவிடுகிறோம். இந்தச் சுற்றுக்குப் பிறகு எழுதப்பட்ட விளக்கங்கள், பார்வையுள்ளவர்களுக்கும் தெளிவாக இருந்தன. திரையில் இருப்பதை எல்லாம் வாயால் சொல்லச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கண்ணால் பார்ப்பவரிடம் அதே விளக்கத்தில் பாதியை விழுங்கிவிடலாம். விழுங்குவதற்கு முதலில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் கண்காட்சி அன்று அழுத பிள்ளைகளில் பெரும்பாலோர் இதனால்தான் அழுதார்கள்.

முதல் வில்லன் தமிழ் எழுத்து. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த தலைப்பு, மண்டபத்துக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது “கொக்கு” என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இணையத்தில் இறக்கிய அலங்கார எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்பது ஒரு காரணம். பவர்பாயிண்ட்டில் சேமிப்பு அமைப்புக்குள் எழுத்துருவைக் கோப்போடு பதிக்கும் தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள். அதோடு நில்லாமல் தலைப்புகளைப் படமாகவும் மாற்றிவிடுங்கள், படம் எங்கேயும் உடையாது. கொம்பு பிரிவது வேறு நோய். பிரீமியர் போன்ற மென்பொருளில் எழுத்து அமைப்பு ஐரோப்பிய மொழிகளுக்கென்று இருந்தால் தமிழ் உடையும். அமைப்புக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்றினால் சேர்ந்துகொள்ளும். சில ஆசிரியர்கள் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். அது வேறு கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். அப்படிப்பட்ட பத்தியைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகம்.

இது இன்றைக்கு முளைத்த தொல்லையல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரப்படுத்த வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்டில் அதே மாநாட்டுத் தொடர் கோலாலம்பூருக்கு வந்தபோதும் எந்தக் குறியேற்றம் என்ற பேச்சு ஓயவில்லை. நம் ஊர்க்காரரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளும் பிறகு கைப்பேசிக்கான செல்லினமும் செய்து கொடுத்த உழைப்பை அறிந்தவர்களுக்கு, இன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கைப்பேசியில் தமிழில் தட்டுவது சாதாரணமாகத் தெரியாது. 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியபோது பேச்சு கையடக்கக் கருவிகளுக்கு நகர்ந்திருந்தது. கைப்பேசியில் தீர்ந்த சிக்கல், வீடியோ மென்பொருளிலும் இரவல் கணினியிலும் இன்னும் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எந்தக் கணினியில் செய்தீர்களோ அதையே மண்டபத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் மற்ற எல்லா ஆலோசனையையும் மறந்துவிடலாம்.

இரண்டாவது, காணொளிக் கோப்பு. ஐபோனில் எடுத்த படம் பல விண்டோஸ் கணினிகளில் திறக்காது. குரல் மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. படம் எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் எல்லாக் கருவிக்கும் பொருந்தும் வடிவத்துக்கு மாற்றுங்கள். எடுத்தாகிவிட்டதென்றால் சாதாரண எம்பி4-ஆக மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். ஒரு பெரிய கோப்பு பென்டிரைவுக்குள் ஏற மறுத்தால் பென்டிரைவ் நிறைந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். பழைய ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஒரு முறை சொல்லாமல் விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இணையத்தை நம்பவே வேண்டாம். ஒத்திகை அன்று காலி மண்டபத்தில் வைஃபை பறக்கும். நானூறு பேர் கைப்பேசியோடு உள்ளே வந்ததும் படுத்துவிடும். யூடியூப் இணைப்பு, கேன்வா பக்கம், கூகுள் ஸ்லைடு எதுவானாலும் இறக்கிக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிராட்ச்சில் நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இணையமில்லாமல் ஓடும் பதிப்பு இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள். நடுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை மூலையில் “மீன் வாங்கிட்டு வா” என்று அம்மாவின் செய்தி வந்தது உண்டு.

ஒலி பெரிய ஏமாற்று. வகுப்பறையில் கணினி ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். மண்டபத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் உறுமி மேள ஆவணப்படம் போட்டால் உங்களுடையது செத்துவிடும். ஒலியைக் கூட்டிப் போட்டி போடுவதில் எல்லாரும் தோற்பார்கள். இரண்டு ஹெட்போன், அவற்றை ஒரே துளையில் செருகும் பிரிப்பான், அவ்வளவுதான் செலவு. இரண்டு ஏனென்றால் கணவன் கேட்டால் மனைவி பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு கையைப் பிடித்து இழுத்துப்போவார். புரொஜெக்டரையும் தவிருங்கள். பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். பழைய தொலைக்காட்சியே மேல்.

மின்சாரம். கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபத்தில் பதினொன்றரைக்கு எல்லாத் திரையும் ஒன்றாக அணைந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அன்போடு மைலோ கலக்க வைத்த கெண்டி, எங்கள் எக்ஸ்டென்ஷனிலேயே செருகப்பட்டிருந்தது. 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3000 வாட் வரைதான் தாங்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி ஒன்றே அதில் பெரும்பங்கை இழுத்துவிடும். உணவுக் கடைக்கு வேறு சுவரிலிருந்து மின்சாரம் எடுங்கள். எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள், கம்பியைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், சேலைத் தலைப்பும் குழந்தைகளும் நடமாடும் இடம் அது. வெளியே கூடாரத்தில் என்றால் மூன்று மணிக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நம்மூர் மாலை மழை அறிவித்துவிட்டு வராது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை தயாராக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் ஏதாவது கெட்டுப்போகும். பெரியவர்களுக்கே கெட்டிருக்கிறது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய சகா விண்டோஸ் 98-ஐக் காட்ட ஒரு ஸ்கேனரைச் செருகியதும் திரை நீலமாகி நின்றுவிட்டது. அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார், நிகழ்ச்சி தொடர்ந்தது. 2007 ஜனவரியில் முதல் ஐபோனை ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டியபோது அது இன்னும் அடிக்கடி முடங்கும் நிலையில்தான் இருந்தது என்று அவருடைய பொறியாளர்களே பின்னாளில் சொன்னார்கள். எதை முதலில் தட்டி எதை அடுத்துத் தட்டினால் முடங்காது என்று ஒரு வரிசையைக் கண்டுபிடித்து, மேடையில் அந்த வரிசையை விட்டு விலகாமல் நடந்தார். கையோடு மாற்றுக் கருவிகளும் இருந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் படைப்பைத் தொண்ணூறு நிமிடம் காட்டியதும் இப்படி முன்னேற்பாடுகளோடுதான். உலகம் முதன்முதலாகப் பொதுவில் மவுஸைப் பார்த்த நாள் அது. கணினி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை இணைப்பில் படம் வந்தது. பின்னால் ஒரு குழுவே கேமராக்களையும் கம்பிகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. தனியாளாக அவர் மட்டும் மேடையில் தெரிந்தார்.

இதிலிருந்து மாணவர்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பது இரண்டு. ஒன்று, முடங்காத வரிசை. உங்கள் படைப்பில் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எதைத் தட்டினால் உறைந்துபோகிறது என்று ஒத்திகையில் கண்டுபிடித்துத் தாளில் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டிவையுங்கள். வந்தவர் கையில் மவுஸ் இருப்பதால் அவர் அந்த இடத்துக்குப் போகக்கூடும். அந்தப் பொத்தானைக் கண்காட்சி முடியும்வரை திரையிலிருந்தே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பாதி வேலை செய்யும் பொத்தானைவிட இல்லாத பொத்தான் நல்லது. இரண்டு, கெட்டுப்போகும்போது சொல்ல வேண்டிய வரி. “ஒரு நிமிஷம் அங்கிள், திரும்ப ஏத்துறேன், அதுக்குள்ள இதப் பாருங்க” என்று திரையின் ஐந்தாறு படங்களை அச்சடித்து ஒட்டிய அட்டையைக் கையில் கொடுப்பது. ஒத்திகையின்போது நானே ரகசியமாக மேசைக்கு அடியில் போய் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். முதல் தடவை அழுவார்கள். மூன்றாவது தடவை, “டீச்சர், காலை எடுங்க” என்பார்கள்.

குழுவில் ஆளாளுக்கு வேலை பிரியுங்கள்: ஒருவர் வருபவரோடு, ஒருவர் கருவியோடு, ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு. முக்கால் மணிக்கு ஒரு முறை இடம் மாறட்டும். நன்றாகப் பேசும் ஒரே பிள்ளையைக் காலை முதல் மாலைவரை நிறுத்தி, மற்ற இருவரைப் படத்துக்கு நிற்கவைப்பது பல பள்ளிகளில் நடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. அமைதியான பிள்ளை கருவிப் பக்கம் நன்றாகச் செய்யும் என்று விட்டுவிடாமல் ஒரு சுற்றாவது முன்னால் நிற்க வையுங்கள். ஒரே வரிதானே சொல்ல வேண்டும்! சாப்பாட்டு நேரத்தையும் எழுதிவையுங்கள். பசித்த பிள்ளை பதில் சொல்லாது.

பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் ஒரு காரணம், நம் நாட்டில் நடப்பில் இருப்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அதைவிட, பாட்டு வந்ததும் வந்தவர் மனம் படத்துக்குப் போய்விடும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிள்ளானின் தெங்கு கிளானா சாலைக்கு ஒரு மாலை போய்வரச் சொல்லுங்கள். பூக்கடையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், புரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம், துணிக்கடைக்காரர் கூப்பிடும் குரல் எல்லாம் இலவசம். ஆட்களின் முகம் பதிவானால் அவரிடமும், மாணவர் முகமென்றால் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் மேசைக்கு அருகில் நிற்காதீர்கள். நின்றால் வருகிறவர் உங்களைத்தான் கேட்பார், நீங்களும் பதில் சொல்லிவிடுவீர்கள். நம் நாட்டில் 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் வந்ததிலிருந்து மல்டிமீடியா என்ற சொல்லுக்கே ஒரு மயக்கம் உண்டு. எத்தனை மென்பொருள் பயன்படுத்தினான் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். வடைப் பொட்டலத்தோடு வந்தவருக்கு அது தேவையில்லை. எதிர்வரிசைக்குப் போய் மற்றப் பிள்ளைகளின் படைப்பைத் தட்டிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள். அவர்களுக்கும் அந்நியர் வேண்டுமே.

கண்காட்சி முடிந்ததும் மேசை மேசையாகப் போய் நோட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாளைவிட அவை முக்கியம். அன்று மாலையே, கம்பி சுருட்டும் முன், மாணவர்களை வட்டமாகத் தரையில் உட்காரவைத்து, அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது, எந்தப் பொத்தானை யாருமே தட்டவில்லை என்று இரண்டை மட்டும் கேளுங்கள். அந்த ஐந்தாம் ஆண்டு மாணவியின் நோட்டில் அன்று ஒரு வரிகூட இல்லை. மறுவருடம் ஆறாம் ஆண்டில் அதே வரைபடத்தோடு வந்தாள், ரயில்வே குவார்ட்டர்ஸ் பொத்தானைப் பெரிதாக்கி நடுவில் வைத்திருந்தாள். பதினோரு பக்கம் நிறைந்தது. அதில் ஒரு பக்கத்தில் யாரோ ஒருவர் தம் வீட்டு எண்ணையும், வாசலில் நின்ற மாமரத்தையும், பேனாவால் வரைந்தே காட்டியிருந்தார்.